இருட்டுக் காட்சிகள் கட்டம் கட்டமாகத் தெரிகிறதா? டிவி செட்டிங்கைப் பாருங்கள்

டிவியில் மலையாளத் திகில் படம் ‘பிரமயுகம்’ (2024) பார்த்தபோது இருட்டெல்லாம் சாம்பல் கட்டங்களாகத் தெரிந்தது, பேச்சும் கேட்கவில்லை, அதனால் படம் சுமார் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதற்குள் முடிவு கட்டாதீர்கள். முழுக்கக் கருப்பு வெள்ளையில் எடுத்த படம். கருப்பு கெட்டால் பயமும் போய்விடும்.

முதலில் ‘விவிட்’ மோடை விட்டு ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ மோடுக்கு மாறுங்கள். இருட்டாக இருக்கிறதே என்று பலர் ‘பிரைட்னஸ்’ஸை ஏற்றுவார்கள். நிறைய டிவிகளில் அது கருப்பின் அளவைத்தான் உயர்த்தும், மறைந்திருக்க வேண்டிய கட்டங்கள் பளிச்சென்று தெரியும். ஏற்ற வேண்டியது ‘பேக்லைட்’, அதாவது திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்கின் வெளிச்சம். ஆப்பில் டேட்டா சேவர் இருந்தால் அணையுங்கள்; குறைந்த பிட்ரேட்டில் (நொடிக்கு வரும் டேட்டா குறைந்தால்) முதலில் அடிபடுவது இருட்டுதான். செட்டாப் பாக்ஸ் வழியாகப் பார்த்தால் எச்டிஎம்ஐ பிளாக் லெவல் (கருப்பு எந்த அளவிலிருந்து தொடங்குகிறது என்ற செட்டிங்) பாக்ஸிலும் டிவியிலும் ஒன்றாக இருக்கட்டும். அசைவை வழவழப்பாக்க டிவியே இடையில் பிரேம்களைச் சேர்க்கும் ‘மோஷன் ஸ்மூத்திங்’கும் வேண்டாம், சீரியல் மாதிரி ஆகிவிடும்.

பேச்சுக்கு: 5.1 ஒலியில் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குப் போகும். உங்களிடம் டிவி ஸ்பீக்கர் மட்டும் என்றால் ஒலி வெளியீட்டை பிசிஎம் ஸ்டீரியோவாக்கி (இரண்டு ஸ்பீக்கருக்கான ஒலி), ‘நைட் மோட்’ போடுங்கள். திடீர் அலறல் கொஞ்சம் அடங்கும், முணுமுணுப்பு மேலே வரும். மம்மூட்டியின் குரலுக்காகவே இதைச் செய்யலாம்.

பகலில் பார்க்க வேண்டாம்.