ரசீதைக் கேட்டு வாங்குங்கள்: ரயில் நிலையத்தில் பயணிகளின் உரிமைகள்

கேள்வி: நடைமேடைக் கடை ஒன்றில் ஒரு லிட்டர் 'ரயில் நீர்' பாட்டிலுக்கு 20 ரூபாய் வாங்கினார்கள். பாட்டிலில் 14 ரூபாய் என்றுதானே போட்டிருக்கிறது என்று கேட்டால், "ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறோம்" என்று பதில் வருகிறது. ரயில் கிளம்பும் நேரத்தில் ஆறு ரூபாய்க்காக நின்று வாதாட முடியுமா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: வாதாட வேண்டாம். ஆனால் விட்டுவிடவும் வேண்டாம். ஜி.எஸ்.டி. குறைக்கப்பட்டதையொட்டி 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு லிட்டர் ரயில் நீர் 15 ரூபாயிலிருந்து 14 ஆகவும், அரை லிட்டர் 10 ரூபாயிலிருந்து 9 ஆகவும் குறைந்தது. ரயில் நிலையங்களில் விற்க அனுமதிக்கப்பட்ட மற்ற நிறுவனங்களின் குடிநீருக்கும் இதே விலைதான். அச்சிட்ட விலை எல்லா வரிகளும் உள்ளடங்கிய அதிகபட்ச விலை. அதற்கு மேல் வாங்குவது 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி குற்றம். குளிர்ச்சிக்கென்று தனிக் கட்டணம் கேட்க எந்த விதியும் இடம் தரவில்லை. ஓட்டல்கள் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைச் சில கடைக்காரர்கள் எடுத்துக்காட்டுவார்கள். அது மேசை போட்டு, பரிமாறி, உட்கார வைத்துச் சேவை செய்யும் இடங்களுக்கான தீர்ப்பு. நடைமேடையில் பாட்டிலை எடுத்துக் கையில் கொடுப்பவருக்கு அது பொருந்தாது.

பணத்தைக் கொடுக்கும்போதே பில் கேளுங்கள். பில் தராவிட்டால் பணம் தர வேண்டியதில்லை என்ற அறிவிப்பை ரயில்வேயே கடைகளில் ஒட்ட வைத்தது. பல கடைகளில் அந்தப் பலகை இன்றும் தொங்குகிறது. பில் கிடைக்காவிட்டால் கைபேசி மூலம் பணம் செலுத்துங்கள். எவ்வளவு, எப்போது, யாருக்குச் செலுத்தினீர்கள் என்பது பதிவாகிவிடும். கடையின் பெயர்ப் பலகையில் உரிமதாரர் பெயர் இருக்கும். அதையும் பாட்டிலில் உள்ள விலையையும் படம் எடுத்துக்கொண்டு ரயிலில் ஏறிவிடுங்கள். இருக்கையில் அமர்ந்த பிறகு ரயில்வே உதவி எண் 139-க்கு அழைக்கலாம், அல்லது ரயில்வேயின் புகார் தளமான 'ரயில் மதத்'தில் புகாரைப் பதிவு செய்யலாம். நிலையத்தின் பெயரும் நடைமேடை எண்ணும் இல்லாத புகாரால் பயன் இல்லை. தமிழ்நாட்டில் மேற்சொன்ன விதிகள் அடங்கும் எடையளவுச் சட்டத்தைக் கவனிப்பது தொழிலாளர் துறை என்பதால் அங்கும் எழுதலாம். நுகர்வோர் உதவி எண் 1915.

ஆறு ரூபாய் உங்களுக்குச் சிறிய தொகையாக இருக்கலாம். ஆனால் முன்பதிவில்லாப் பெட்டியில் கைக்குழந்தையோடு நிற்கும் பெண்ணிடமும் அந்தக் கடை இதே ஆறு ரூபாயை வாங்குகிறது. அவர் புகார் எழுதப் போவதில்லை. எழுத முடிந்தவர்கள் எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அவருக்காகத்தான்.

கேள்வி: காலையில் சென்ட்ரலில் இறங்கி இரவில்தான் அடுத்த ரயில். க்ளோக் ரூமில் பையை வாங்க மறுத்துவிட்டார்கள், பூட்டு இல்லை என்று. காத்திருப்பு அறையில் பக்கத்தில் இருந்தவரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் பை இல்லை. ரயில்வே ஈடு தர வேண்டாமா?
– வாசகி, தென்காசி

பதில்: வருத்தமான பதிலைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், 100-ஆவது பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. ரயில்வே ஊழியர் பொருளைப் பெற்றுக்கொண்டு ரசீது கொடுத்திருந்தால்தான் ரயில்வேக்குப் பொறுப்பு. பயணி தன் வசம் வைத்திருந்த பொருள் தொலைந்தால், ரயில்வேயின் அலட்சியத்தால்தான் தொலைந்தது என்று பயணியே நிரூபிக்க வேண்டும். இடுப்புப் பட்டையில் ஒரு லட்சம் ரூபாயைக் கட்டிக்கொண்டு பயணம் செய்து, அதைத் திருட்டில் இழந்த ஒருவருக்கு நுகர்வோர் ஆணையங்கள் ஈடு வழங்கின. 2023-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, இதைச் சேவைக் குறைபாடு என்று சொல்ல முடியாது என்றது. அந்தத் தீர்ப்பு எனக்கு உவப்பானதல்ல. கட்டணம் வாங்கிக்கொண்டு ஏற்றிச் செல்பவருக்குப் பாதுகாப்பிலும் பங்கு இருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். ஆனால் இன்றைய சட்டநிலை இதுதான்.

உடனடியாக ரயில்வே போலீஸில் புகார் கொடுத்து முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்குங்கள். நகல் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டியது. நிகழ்ந்த இடம் எங்கள் எல்லையில் வராது என்று சொன்னாலும் புகாரைப் பதிவு செய்துகொள்ள வேண்டியது அவர்கள் கடமை. பையில் இருந்த அடையாள அட்டை, பாஸ்புக் போன்றவற்றுக்கு நகல் பெறவும் அந்த அறிக்கை தேவைப்படும்.

அடுத்த முறைக்காக ஒன்று. பூட்டில்லாத பையை க்ளோக் ரூமில் எங்குமே வாங்க மாட்டார்கள், அது அந்த ஊழியரின் பிடிவாதம் அல்ல. ஜிப் பைக்கு ஒரு சின்னப் பூட்டு போதும். பயண டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் காட்ட வேண்டும். கட்டணம் 24 மணி நேரக் கணக்கு. அங்கே கொடுக்கும் ரசீதுதான் மேற்சொன்ன 100-ஆவது பிரிவில் உங்கள் பக்கம் நிற்கும் ஒரே சான்று. அதைத் தொலைத்துவிடாதீர்கள்.

கேள்வி: நான் ஏற வேண்டிய ரயில் நான்கரை மணி நேரம் தாமதம் என்று அறிவித்தார்கள். காத்திருக்க முடியாமல் பஸ்ஸில் போய்விட்டேன். மூன்று நாள் கழித்துப் பணத்தைத் திருப்பிக் கேட்டால் காலம் கடந்துவிட்டது என்கிறார்கள்.
– வாசகர், சேலம்

பதில்: நீங்கள் ஏறும் நிலையத்தில் ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நீங்கள் பயணம் செய்யாவிட்டால் முழுக் கட்டணமும் உங்களுக்கு வர வேண்டியதுதான். ஆனால் ரயில் உண்மையில் புறப்படும் நேரத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். இணையத்தில் எடுத்த டிக்கெட்டானால் அதே தளத்தில் டி.டி.ஆர். எனப்படும், பணத்தைத் திருப்பிக் கேட்கும் விண்ணப்பத்தைப் பதிய வேண்டும். கவுன்ட்டரில் எடுத்ததானால் டிக்கெட்டைக் கவுன்ட்டரிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். தாமதம் என்று ஒலிபெருக்கியில் மணிக்கணக்காக அறிவிப்பவர்கள் இந்த விதியையும் சேர்த்து ஒரு வரி சொன்னால் எத்தனை பேருக்குப் பணம் மிஞ்சும்!

இப்போது கட்டணத்தை மட்டும் கேட்பதானால் அதற்கான இடம் ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயம். விதிப்படி நேரம் தவறிவிட்டதால் உங்கள் வழக்கு வலுவானது அல்ல என்பதை மறைக்க விரும்பவில்லை. தாமதத்தால் வேறு இழப்பு இருந்தால் கதை வேறு. ஜம்முவுக்கு ரயில் நான்கு மணி நேரம் தாமதமாகப் போனதால் விமானத்தைத் தவறவிட்ட குடும்பத்துக்கு 30,000 ரூபாய் ஈடு வழங்கியதை 2021-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தாமதத்துக்கு நியாயமான காரணத்தை ரயில்வே காட்டவில்லை என்பதே அங்கே முடிவைத் தீர்மானித்தது. அப்படி ஏதாவது இருந்தால், கைவசம் ஆதாரங்களோடு சேலத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

கேள்வி: நடக்க முடியாத என் அம்மாவுக்கு நிலையத்தில் சக்கர நாற்காலி இலவசம் என்றார்கள். கடைசியில் பணம் கேட்டார்கள். ஏமாற்றுகிறார்களா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இல்லை. நாற்காலி இலவசம், தள்ளிச் செல்லும் போர்ட்டருக்குக் கூலி உண்டு. நிலைய மேலாளர் அலுவலகத்தில் கேட்டால் நாற்காலி தருவார்கள். கூடவே வரும் நீங்களே தள்ளிச் சென்றால் செலவில்லை. போர்ட்டர் தள்ளுவதானால் கையில் எண் பட்டை கட்டிய உரிமம் பெற்றவரையே அழையுங்கள். கூலி விவரப் பலகையைப் பார்த்து, புறப்படும் முன்பே தொகையைப் பேசிக்கொள்ளுங்கள். சக்கரம் வைத்த பெட்டிகளும் மின்படிக்கட்டுகளும் வந்த பிறகு அவர்கள் பிழைப்பு மெலிந்துவிட்டது. முறையான கூலியில் பேரம் பேசாதீர்கள்.

கேள்வி: வழியனுப்ப வருபவர்களும் டிக்கெட் எடுக்க வேண்டுமா?
– வாசகர், ஆவடி

பதில்: வேண்டும். நடைமேடை டிக்கெட் 10 ரூபாய், இரண்டு மணி நேரம் செல்லும். ரயில்வேயின் 'ரயில்ஒன்' செயலியிலும் எடுக்கலாம். இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 250 ரூபாய்க்குக் குறையாது. அபராதம் கட்ட நேர்ந்தால் அதற்கும் ரசீது உண்டு, வாங்காமல் நகராதீர்கள். பண்டிகைக் கூட்டத்தின்போது இந்த டிக்கெட் விற்பனையைச் சில நாட்கள் நிறுத்திவிடுவார்கள். அப்போது வாசலிலேயே விடைபெறுவதைத் தவிர வழியில்லை.