கத்தரிக்கோல் யார் கையில்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: முதுகலை சமூகப்பணி படிக்கிறேன். ஆப்கானிஸ்தானின் ஹசாரா இனத்து அகதிப் பெண்கள் தங்கள் வாழ்க்கையை இரண்டு மூன்று நிமிடக் காணொளிகளாகத் தாங்களே தயாரிக்கிறார்கள் என்றும், ‘டிஜிட்டல் கதைசொல்லல்’ எனப்படும் இம்முறை அவர்களுக்கு வலுவூட்டுகிறது என்றும் வகுப்பில் சொன்னார்கள். வீட்டில் இதைச் சொன்னபோது, “செல்போனில் படம் எடுத்துப் போட்டால் அகதிக்கு என்ன கிடைத்துவிடும்?” என்று தாத்தா கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: தாத்தா கேட்டது சரியான கேள்வி. விசா கிடைக்காது, வேலை கிடைக்காது, பிரிந்த குடும்பமும் வந்து சேராது. படகில் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்த ஹசாராக்களில் பலர் தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் ஆண்டுக்கணக்கில் மனைவி மக்களை அழைத்துக்கொள்ள வழியின்றி இருந்தார்கள். 2023 பிப்ரவரியில் அந்நாட்டு அரசு முடிவெடுத்த பிறகுதான் அவர்கள் நிரந்தரமாகத் தங்குவதற்கு வழி பிறந்தது. எந்தக் காணொளியும் அதைச் செய்து கொடுக்கவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுவோம்.

ஆனால் அந்தப் பெண்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று பாருங்கள். ஆப்கானிஸ்தானின் நடுமலைப் பகுதியான ஹசாராஜாத்தைத் தாயகமாகக் கொண்டு, பாரசீகத்தின் கிளைவழக்கான ஹசாராகியைப் பேசும் இம்மக்களில் பெரும்பாலோர் ஷியா முஸ்லிம்கள். 1890களின் தொடக்கத்தில் அமீர் அப்துர் ரஹ்மான் கானின் படைகள் அவர்களைக் கொன்றும் அடிமைகளாக விற்றும் நிலத்தைப் பறித்தும் துரத்தியபோது, உயிர் தப்பியவர்களில் பலர் இன்றைய பாகிஸ்தானின் குவெட்டாவிலும் ஈரானின் மஷ்ஹத்திலும் குடியேறினார்கள். 1998 ஆகஸ்டில் மசார்-இ-ஷரீஃபில் தாலிபான்கள் நடத்திய படுகொலை, 2013 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் குவெட்டாவில் வெடித்த குண்டுகள், 2022 செப்டம்பரில் காபூலின் தஷ்த்-இ-பர்ச்சி பகுதியில் தேர்வு எழுத அமர்ந்திருந்த மாணவிகள்மீது நடந்த தாக்குதல் என்று, அடைக்கலம் தேடிப் போன இடத்திலும் சொந்த ஊரிலும் அவர்களுக்கு ஒரே கதிதான்.

இப்படித் தப்பி வந்த ஒரு பெண் தன் கதையை முதன்முதலில், அகதி விண்ணப்பத்தை விசாரிக்கும் அதிகாரியின் மேசைக்கு எதிரே அமர்ந்துதான் சொல்கிறாள். அங்கே கதை தேதி வரிசையில் இருக்க வேண்டும். சென்ற முறை சொன்னதற்கும் இந்த முறை சொல்வதற்கும் கடந்து வந்த எல்லையோ மாதமோ மாறினால்கூட நம்பகத்தன்மை போய்விடலாம். ஆப்கானிஸ்தானில் நெடுங்காலமாகப் புழங்கிவந்தது ஆங்கில நாள்காட்டியிலிருந்து வேறான சூரிய ஹிஜ்ரி நாள்காட்டி. பலருக்குப் பிறப்புச் சான்றும் கிடையாது. அதனால் வெளிநாட்டு ஆவணங்களில் ஆப்கானியர் பலருடைய பிறந்தநாள் ஜனவரி 1 என்றே பதிவாகியிருக்கிறது. (பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டுக் கொடுத்த ஜூன் மாதத் தேதியோடு வாழும் நம்மூர்ப் பெரியவர்களுக்கு இது புரியும், தாத்தாவையே கேட்டுப் பாருங்கள்.) விசாரணையில் அவள் பட்ட துன்பம்தான் அவளுடைய தகுதி; அதை முழுதாக, கேட்பவர் கேட்கும் வரிசையில், எத்தனை முறை கேட்டாலும் சொல்லியாக வேண்டும்.

டிஜிட்டல் கதைசொல்லல் இதைத் தலைகீழாக்குகிறது. 1990களில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் டேனா ஆட்ச்லி, ஜோ லாம்பர்ட் முதலியோர் உருவாக்கிய இந்தப் பயிலரங்க முறையில், எட்டுப் பத்துப் பேர் முதலில் வட்டமாக அமர்ந்து ஒருவர் கதையை மற்றவர் கேட்கிறார்கள். பிறகு ஒவ்வொருவரும் முந்நூறு சொற்களுக்குள் எழுதி, தன் குரலிலேயே பதிவு செய்து, சில படங்களைச் சேர்த்து, தானே வெட்டி ஒட்டுகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மூத்த பெண்கள் நேரே பேசிப் பதிவு செய்கிறார்கள். வீட்டை விட்டு ஓடியபோது படங்கள் எதையும் எடுத்துவர முடியாதவர்கள் ஒரு சால்வையையோ பூத்தையல் போட்ட துணியையோ படம் எடுத்துக்கொள்கிறார்கள். தந்தூரில் ரொட்டி சுட்ட காலைப்பொழுதை மட்டும் சொல்லிவிட்டு, கணவன் எப்படி இறந்தான் என்பதைச் சொல்லாமலே முடிப்பதற்கு அங்கே ஒரு பெண்ணுக்கு இடமுண்டு. அதிகாரியிடம் அந்த இடம் இல்லை. எதை விடுவது என்று அவளே முடிவு செய்யும் முதல் இடம் இதுவாக இருக்கலாம். வலுவூட்டல் என்ற பெரிய சொல்லில் எனக்கு ஏற்புள்ள பகுதி இவ்வளவுதான்.

கேள்வி: புதுச்சேரிக்கு அருகே கீழ்புத்துப்பட்டு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் உள்ள பெண்களுடன் இதுபோன்ற பயிலரங்கு நடத்த எங்கள் தன்னார்வக் குழு விரும்புகிறது. எதில் கவனமாக இருக்க வேண்டும்?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: முகாம் பெண்களை ஹசாரா பெண்களோடு ஒப்பிடுவது பொருத்தமானதுதான். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஹசாராக்களையும் சேர்க்கவில்லை, முகாமிலுள்ள ஈழத்தமிழரையும் சேர்க்கவில்லை. காவல்துறையின் கியூ பிரிவு விசாரணையிலும் வருவாய்த் துறைக் கணக்கெடுப்பிலும் விவரம் சொல்லிச் சொல்லிப் பழகிய பெண்களிடம்தான் நீங்கள் போகிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

2004 டிசம்பருக்குப் பிறகு, தேவனாம்பட்டினத்தில் ஓர் அம்மா என்னிடம், “எழுதிக்கோ தம்பி, நேத்து வந்தவங்களுக்குச் சொன்னதையே சொல்றேன்” என்று தொடங்கி, அலை வந்த நேரம், தண்ணீரின் உயரம், இழந்த பிள்ளைகளின் வயது என ஒப்பிக்கிற குரலில் சொல்லிக்கொண்டே போனார். கேமராவோடு வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து அவருக்கு அந்தப் பாடத்தைப் பழக்கியிருந்தார்கள். நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்த நானும் அவர்களில் ஒருவன்தான்.

ஆகவே முதல் நாள் கேமராவை எடுக்காதீர்கள். போரைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று நீங்கள் குறிப்பாகக்கூட உணர்த்தக் கூடாது. யாராவது முகாமில் வளர்த்த முருங்கையைப் பற்றிப் பேசினால் அதுவே கதை. ஒப்புதலை ஒரே கையெழுத்தில் வாங்கி முடித்துவிடாமல், பதிவுக்கு முன்பும், வெட்டி ஒட்டிய பிறகும், வெளியிடுவதற்கு முன்பும் தனித்தனியே கேளுங்கள். இணையத்தில் ஏறிய காணொளியைத் திரும்பப் பெறுவது நடைமுறையில் முடியாத காரியம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஹசாரா பெண்கள் பலர் முகத்தைக் காட்டாமல் கைகளையும் துணியையும் மட்டும் காட்டுவது அழகுக்காக மட்டும் என்று எண்ண வேண்டாம். ஊரில் இன்னும் உறவினர்கள் இருக்கிறார்கள், முகமோ பெயரோ அவர்களைக் காட்டிக் கொடுத்துவிடலாம். மூலக் கோப்பு அந்தப் பெண்ணின் கைப்பேசியில் இருக்கட்டும். உங்கள் குழுவின் ஆண்டறிக்கையில் போட்டுக்கொள்ள நல்ல படம் ஒன்றும் கிடைக்காமல் போகலாம், அதற்கும் தயாராகப் போங்கள்.

முடிந்தால் முகாமிலுள்ள இளம்பெண்கள் இருவருக்கு முதலில் பயிற்சி கொடுத்து, அவர்களையே நடத்த விட்டுவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். இந்தோனேசியாவும் அந்த உடன்படிக்கையில் சேராத நாடு; அங்கே வேலை செய்ய அனுமதியின்றித் தேங்கிய ஹசாரா அகதிகள், 2014இல் சிசாருவா என்ற ஊரில் தங்கள் பிள்ளைகளுக்குத் தாங்களே பள்ளி தொடங்கினார்கள். அதில் கற்பித்தவர்களும் அகதிகளே.

கேள்வி: ஹசாராகியில் உள்ள காணொளிகளை நம் மக்களுக்குக் காட்டும்போது தமிழில் குரல் கொடுத்துவிட்டால் எளிதாகப் புரியுமே?
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: வேண்டாம் அம்மா, கீழே தமிழ் வரிகள் போதும். இறந்தவரை நினைத்து ஹசாரா பெண்கள் பாடும் ‘மக்தா’ என்ற இரங்கற்பாட்டு உண்டு. ஒப்பாரி கேட்டு வளர்ந்த நமக்கு அதில் சொல் புரியாவிட்டாலும், எந்த இடத்தில் மூச்சு உடைகிறது என்பது கேட்கும்.