ஆளில்லாதபோது தேறும் தூய அறை, வேலை நேரத்தில் தவறுவது பற்றி

வணக்கம். உங்கள் ஐஎஸ்ஓ 7ஆம் வகுப்புத் தூய அறை (காற்றிலுள்ள துகள்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்துப் பேணும் அறை) ஆளில்லாதபோது சோதனையில் தேறுவதாகவும், ஷிப்ட் தொடங்கியதும் துகள் எண்ணிக்கை வரம்பைத் தாண்டுவதாகவும் கூறி, நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா காற்று வடிகட்டிகளை எல்லாம் மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட வேண்டாம், வடிகட்டியிலோ அதன் சட்ட ஓரத்திலோ பெரிய கசிவு இருந்திருந்தால், அறை காலியாக இருக்கும்போதே அது பெரும்பாலும் தன்னைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

இவ்வகுப்பில் 0.5 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் ஒரு கனமீட்டருக்கு 3,52,000 வரை இருக்கலாம். வேலை நேரத்தில் மட்டும் அது மீறப்படுகிறது என்றால், முதல் சந்தேகம், தோலிலிருந்தும் உடையிலிருந்தும் துகள்களை உதிர்க்கும் மனிதர்கள்மீதுதான் விழ வேண்டும். உடை மாற்றும் அறையில் பத்து நிமிடம் நின்று, மேலங்கியைப் போடும்போது அதன் கால்பகுதி தரையில் புரள்கிறதா, கையுறை மணிக்கட்டுப் பட்டியை முழுதாக மூடுகிறதா என்று கவனியுங்கள். நான் முன்பு பணிபுரிந்த ஓர் ஆலையில், வாரக்கணக்கில் தேடியபின் அகப்பட்ட குற்றவாளி, உள்ளே வந்துகொண்டிருந்த, நார்த்துகள்களை உதிர்க்கும் சாதாரண அட்டைப்பெட்டி (அதை அனுமதித்தவர்களுள் நானும் ஒருவன்).

அடுத்து, கதவுகள் திறந்து மூடும்போது பக்கத்து அறையுடனான காற்றழுத்த வேறுபாடு (வெளித் தூசு உள்ளே வராமல் தடுப்பது இதுதான்) 10 பாஸ்கலுக்குக் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். இவை சரியாக இருந்தால் மட்டும் வடிகட்டிகளுக்குக் கசிவுச் சோதனை செய்து, கசிவுள்ளதை மாற்றுங்கள்.