வாசகர் கேள்வி - பதில்: எழுதிவிட்டுப் பேசுங்கள்

நண்பர்களோடு கூடி உட்கார்ந்து, தெளிவாக யோசிக்கப் பழகுவது எப்படி என்று கேட்டு வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

கேள்வி: கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் ஆறு பேர், இப்போது ஆளுக்கொரு வேலையில் இருக்கிறோம். சரியாக யோசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஞாயிறு மாலைகளில் கூடி ஒரு தலைப்பை எடுத்துப் பேசுகிறோம். ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் கத்த, மற்ற நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்க, கடைசியில் மனக்கசப்போடுதான் கலைகிறோம். எப்படி நடத்தினால் உருப்படும்? (வாசகர், கோவை)

பதில்: நீங்கள் நடத்துவது பட்டிமன்றம். சின்ன வயதிலிருந்தே நமக்குப் பழகிய வடிவம் அது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் டிவியில் பார்த்து, பள்ளிக்கூடத்தில் மேடையேறிப் பேசி, எதிரணியை மடக்கினால் கைதட்டல் என்று வளர்ந்திருக்கிறோம். பேச்சுக்கு அது நல்ல பயிற்சிதான், குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே யார் எந்த அணி என்பது முதலிலேயே முடிவாகிவிடுகிறது. பாதியில் ஒருவர் "அட, அவர்கள் சொல்வதுதான் சரி போலிருக்கிறதே" என்று எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார வழியில்லை. நீங்கள் கூடுவதே அப்படி எழுந்து போகப் பழகத்தானே?

ஒரே ஒரு மாற்றம் செய்து பாருங்கள். யாரும் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு துண்டுச்சீட்டு கொடுங்கள். உங்களில் ஒருவர் பெட்ரோல் பைக்கை விற்றுவிட்டு எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கலாமா என்று யோசிக்கிறார், அதுதான் அன்றைய கேள்வி என்று வைத்துக்கொள்வோம். 'ஐந்து வருஷத்துக்குள் போட்ட காசு திரும்பி வருமா' என்று கேள்வியை இறுக்கிக்கொள்ளுங்கள். வரும் என்பதில் நூற்றுக்கு எத்தனை நிச்சயம் என்று ஒவ்வொருவரும் எண்ணாக எழுதட்டும். எல்லாச் சீட்டையும் ஒரே நேரத்தில் திருப்பிப் போடுங்கள். 85, 70, 60, 60, 55, 20 என்று வந்தால், முதலில் பேச வேண்டியவர் அந்த 20 போட்டவர். அவருக்கு ஐந்து நிமிஷம், குறுக்கே யாரும் பேசக்கூடாது. பேட்டரி மாற்றும் செலவை அவர் மட்டும் கணக்கில் சேர்த்திருக்கலாம், அல்லது யாரோ சொந்தக்காரர் வண்டி நடுவழியில் நின்றுபோனதை மட்டும் வைத்துச் சொல்லியிருக்கலாம், எது என்பது அவரைப் பேசவிட்டால்தான் தெரியும். எல்லோரும் பேசி முடித்ததும் மறுபடி சீட்டு, மறுபடி எண். எண்ணை மாற்றியவர், எதைக் கேட்டு மாற்றினேன் என்று ஒரு வரி சொல்லட்டும். அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும்.

எழுதாமல் நேரடியாகப் பேசினால் என்ன ஆகும்? 1951-இல் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தினார். சில கோடுகளைக் காட்டி, எவை ஒரே நீளம் என்று கேட்டார். பார்த்தவுடன் தெரிகிற விடைதான். ஆனால் ஒருவரைத் தவிர அறையில் இருந்த மற்ற எல்லோரும் முன்கூட்டியே சொல்லிவைக்கப்பட்டு, தவறான விடையையே ஒரே குரலில் சொன்னார்கள். அந்த ஒருவர், சுமார் மூன்றில் ஒரு பங்கு தடவை, தன் கண்ணை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு போனார். அறையில் இன்னொரே ஒருவர் சரியான விடையைச் சொன்னபோது இந்த இழுப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. உங்கள் குழுவில் சும்மா இருக்கும் நான்கு பேரிடமும் கருத்து இருக்கிறது. சத்தம் வருவதற்கு முன்பே அது காகிதத்தில் ஏறிவிட வேண்டும்.

அப்புறம் மனக்கசப்பு. பின்னாளில் அமெரிக்கத் தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின் 1727-இல், 21 வயதில், பிலடெல்பியாவில் நண்பர்களைச் சேர்த்து ஜுண்டோ என்று ஒரு குழு தொடங்கினார். வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடுவார்கள். கண்ணாடி வேலை செய்தவர், தச்சர், சர்வேயர், செருப்புத் தைக்கும் தொழிலில் வளர்ந்தவர் என்று எல்லாரும் சாதாரண ஆட்கள். "இது இப்படித்தான், சந்தேகமே இல்லை" என்று அடித்துச் சொல்வதையும், முகத்துக்கு நேராக "தப்பு" என்று மறுப்பதையும் போகப்போகத் தடை செய்து, மீறினால் சின்ன அபராதம் வைத்தார்கள். குழு பல பத்தாண்டுகள் நடந்தது. 1731-இல் உருவான சந்தா நூலகம் அந்த நண்பர்கள் கூட்டத்திலிருந்து வந்ததுதான். உங்கள் குழுவிலும் அபராதம் வையுங்கள், பத்து ரூபாய் போதும், டீ செலவுக்கு ஆகும்.

கேள்வி: நாங்கள் இன்னும் தொடங்கவே இல்லை. முதல் நாள் என்ன செய்யலாம்? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: விளையாட்டோடு தொடங்குங்கள். பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1960-இல் லண்டனில் செய்த சோதனை ஒன்று இதற்கென்றே அமைந்த மாதிரி இருக்கும். நீங்கள் மனதில் ஒரு விதி வைத்துக்கொண்டு, "2, 4, 6 இந்த விதிக்குப் பொருந்தும். நீங்களும் மூன்று மூன்று எண்களாகச் சொல்லுங்கள், பொருந்துமா இல்லையா என்று மட்டும் சொல்வேன். விதி நிச்சயமாகத் தெரிந்தபின் சொல்லுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். ஒருவர் 8, 10, 12 என்பார், பொருந்தும். 20, 22, 24 என்பார், அதுவும் பொருந்தும். உடனே, "இரண்டிரண்டாகக் கூடுகிறது, அதுதானே!" என்பார். இல்லை. உங்கள் விதி, எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். 3, 7, 50-உம் பொருந்தும். ஆனால் அதைக் கேட்டுப் பார்க்க யாருக்கும் சட்டென்று தோன்றாது, ஏனென்றால் நாம் 'ஆமாம்' என்று பதில் வரக்கூடிய கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்கிறோம்.

விளையாட்டு முடிந்த கையோடு வாழ்க்கைக்கு வாருங்கள். "அந்த டாக்டர் கைராசிக்காரர்" என்கிறோம். அவரிடம் போய்க் குணமானவர்களை நமக்குத் தெரியும். போயும் குணமாகாதவர்கள் எத்தனை பேர், டாக்டரிடமே போகாமல் தானாகச் சரியானவர்கள் எத்தனை பேர் என்று எப்போதாவது விசாரித்திருக்கிறோமா? இந்த மாதிரி உதாரணம் ஆளுக்கு ஒன்று, அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். முதல் நாளுக்கு இது தாராளம்.

கேள்வி: குழு என்று சொன்னதுமே வீட்டில் "நாத்திகக் கூட்டமா?" என்று கேட்கிறார்கள். கடவுள், அரசியல் எல்லாம் பேசலாமா, கூடாதா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: கொஞ்ச நாளைக்கு வேண்டாம். பயந்து சொல்லவில்லை. கடவுள் உண்டா என்பதற்கு அடுத்த மாதம் விடை தெரிந்துவிடப் போவதில்லை, அதனால் யார் யோசித்த முறை சரி என்று சரிபார்க்க முடியாது. ஆனால் ராகு காலத்தில் கிளம்பினால் காரியம் கெடும் என்பதைச் சரிபார்க்கலாம். திங்கட்கிழமை ராகு காலம் காலை ஏழரை முதல் ஒன்பது வரை. ஊரில் பாதிப் பேர் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கிளம்புவதே அந்த நேரத்தில்தான். எந்த நேரத்தில் கிளம்பினோம், போன காரியம் என்ன ஆனது என்று நம்புகிறவரும் நம்பாதவரும் சேர்ந்து மூன்று மாதம் குறித்து வையுங்கள். 'காரியம் கெட்டது' என்றால் என்ன அர்த்தம் என்பதை மட்டும் குறிக்கத் தொடங்குவதற்கு முன்பே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும், பிறகு மாற்றக்கூடாது. நம்புகிறவரைக் கேலி செய்யும் குழுவில் அடுத்த வாரம் அவர் இருக்கமாட்டார். எல்லோரும் ஒரே மாதிரி நினைப்பவர்களாக மிஞ்சினால் அப்புறம் கூடி என்ன பயன்?

கேள்வி: எங்களில் பாதிப் பேர் பத்தாவதோடு கணக்கை விட்டவர்கள். சதவீதம், நிகழ்தகவு என்றாலே நழுவுகிறார்கள். (வாசகி, மதுரை)

பதில்: சதவீதத்தை விடுங்கள், தலைகளை எண்ணுங்கள். ஆயிரம் பேர் இருக்கும் ஊரில் பத்துப் பேருக்கு ஒரு நோய். அதைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை, நோய் உள்ள பத்துப் பேரில் ஒன்பது பேரைச் சரியாகப் பிடிக்கும். நோய் இல்லாதவர்களிலும் பத்துக்கு ஒருவரைத் தவறாக 'இருக்கிறது' என்று காட்டிவிடும். ஊரில் ஒருவருக்குப் பாசிட்டிவ் வந்துவிட்டது. அவருக்கு நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? கேட்டதும் "பத்துக்கு ஒன்பது" என்பார்கள்.

இப்போது ஒரு பெரிய தாளில் கோலப்புள்ளி மாதிரி வரிசைக்கு 40 புள்ளியாக 25 வரிசை வையுங்கள், ஆயிரம் ஆச்சு. பத்துப் புள்ளிக்குச் சிவப்பு. அதில் ஒன்பதைச் சுற்றி வட்டம் போடுங்கள். மீதி 990-இல் பத்துக்கு ஒன்று, அதாவது 99 புள்ளியைச் சுற்றியும் வட்டம். மொத்தம் 108 வட்டம், அதில் சிவப்பு ஒன்பதுதான். பன்னிரண்டில் ஒன்று! கெர்ட் கிகரென்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் இதைத்தான் பல வருஷமாகச் சொல்லிவருகிறார்: சதவீதமாகச் சொன்னால் டாக்டர்களே தடுமாறுகிறார்கள், இத்தனை பேரில் இத்தனை பேர் என்று சொன்னால் தெளிவாகப் புரிந்துகொள்கிறார்கள். பாசிட்டிவ் வந்தால் அலட்சியமாக இருக்கலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆயிரத்தில் பத்தாக இருந்த வாய்ப்பு பன்னிரண்டில் ஒன்றாக ஏறியிருக்கிறது, அடுத்த பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும். அன்று ராத்திரி தூக்கம் கெட வேண்டியதில்லை.

கேள்வி: குழுவில் ஒருவர் எங்களைவிடப் பத்து வயது மூத்தவர், நிறையப் படித்தவர். அவர் சொன்ன பிறகு யாரும் வாய் திறப்பதில்லை. (வாசகர், சேலம்)

பதில்: "அண்ணா, நீங்கள் கடைசியில் பேசுங்கள்" என்று மரியாதையாகவே கேளுங்கள், சந்தோஷமாக ஒத்துக்கொள்வார். பழைய யூத மரபில் மரண தண்டனை வழக்குகளில் இளைய நீதிபதிகள்தான் முதலில் கருத்துச் சொல்வார்கள், பெரியவர் சொன்னதை மறுக்கத் தயங்குவார்கள் என்ற காரணத்தால்.

கேள்வி: ஒரு வருஷம் நடத்துகிறோம். முன்னேறியிருக்கிறோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (வாசகி, சென்னை)

பதில்: நன்றாகப் பேசுகிறோம் என்ற திருப்தியை நம்பாதீர்கள். ஒரு நோட்டுப் போட்டு, நடக்கப்போவதை எண்ணோடு எழுதுங்கள். 'அக்டோபர் 20-க்குள் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதாக வானிலை மையம் அறிவிக்கும்: 60', 'அடுத்த கூட்டத்துக்கு ஆறு பேரும் வருவோம்: 40', 'என் வீட்டுப் பெயின்ட் வேலை சொன்ன தேதியில் முடியும்: 15' என்கிற மாதிரி.

மதிப்பெண் போடவும் வழி இருக்கிறது. அமெரிக்க வானிலைத் துறையில் இருந்த கிளென் பிரையர் 1950-இல் தந்த கணக்கு அது. நடந்தால் 1, நடக்காவிட்டால் 0. நீங்கள் சொன்ன எண்ணுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்துங்கள். 80 (அதாவது 0.8) என்று எழுதி அது நடந்துவிட்டால் 0.2-இன் வர்க்கம், 0.04. நடக்காவிட்டால் 0.64. குறையக் குறைய நல்லது. எதற்கெடுத்தாலும் 50 என்று எழுதித் தப்பிப்பவருக்கு எப்போதும் 0.25 தான் வரும், அதற்குக் கீழே இறங்குகிறீர்களா என்று பாருங்கள்.

மதிப்பெண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. 90 என்று எழுதிய எல்லாவற்றையும் தனியாக எடுத்து எண்ணுங்கள். பத்தில் ஆறுதான் நடந்திருக்கிறது என்றால், உங்கள் 'நிச்சயம்' உண்மையில் எவ்வளவு என்று தெரிந்துபோகும், அடுத்த முறை 90 எழுதப் போகும் கை கொஞ்சம் நின்று யோசிக்கும். நோட்டை மாதத்துக்கு ஒருவர் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதிக்குள் நடக்க வேண்டும் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள், இல்லையென்றால் எல்லாக் கணிப்பும் 'இன்னும் நடக்கலாம்' என்றே நிற்கும்.