ஒஃபிஸ் சிங்க்கில பம்ப் கழுவலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு அஞ்சு மாசப் பிள்ளை, பால் நல்லாச் சுரக்குது. அண்ணியின்ட பிள்ளை 31 கிழமையில பிறந்து இப்ப பேபி யூனிட்டில இருக்கு, அவவுக்கு இன்னும் பால் காணாது. வார்டு டொக்டர் ரத்தமெல்லாம் டெஸ்ட் பண்ணிப் பாத்திட்டு நான் பால் குடுக்கலாம் எண்டு சொல்லிட்டார். பகல்ல வேலையில ரெண்டு தரம் பம்ப் பண்ண வேணும், ஆனா அங்க ஒரேயொரு சிங்க்தான், எல்லாரும் டீ கப்பும் சாப்பாட்டுப் பெட்டியும் கழுவுறது அதிலதான். முதல் தரம் எடுத்திட்டு பாகங்களைக் கழுவாம ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சு திரும்பப் பாவிக்கலாம் எண்டு கூட வேலை செய்யிற ஒராள் சொல்லுறா, சரியா?
- ஒரு வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: தங்கச்சி, நீங்க குடுக்கிறது சின்ன விசயமில்ல. குறைமாசப் பிள்ளையளுக்கு மாப்பாலை விட தாய்ப்பால்தான் குடலைக் காப்பாத்தும், குடல் வீங்கி அழுகிப்போற அந்தப் பொல்லாத வருத்தம் தாய்ப்பால் குடிக்கிற பிள்ளையளுக்குக் குறைவாத்தான் வரும். அதாலதான் சுத்தத்தில கொஞ்சமும் விட்டுக்குடுக்க வேண்டாம் எண்டு சொல்லுறன்.

ஃப்ரிட்ஜ் வழி உங்களுக்கு வேண்டாம். சுகமா இருக்கிற பெரிய பிள்ளைக்கு, கழுவ வழியே இல்லாத நாளில சில தாய்மார் அப்படிச் செய்யிறவைதான், ஆனா குளிர் கிருமியைக் கொல்லாது, வளர்றதை மெதுவாக்கும், அவ்வளவுதான். 2016ல அமெரிக்காவில பென்சில்வேனியாவில ஒரு குறைமாசப் பிள்ளைக்கு குரோனோபாக்டர் எண்ட கிருமியால மூளைக்காய்ச்சல் வந்தது, தேடிப் பாக்க அந்தக் கிருமி பம்பிலயும் வீட்டுக் குசினி சிங்க் வடிகால்லயும் இருந்திருக்கு. பம்ப் பாகங்களை சவுக்காரத் தண்ணியில மணிக்கணக்கா ஊறப்போட்டு, தேய்க்காமலே அலசி எடுத்தவையாம். அதால ஒஃபிஸ் சிங்க்குக்குள்ள நேர வச்சுக் கழுவுறதும் வேண்டாம், அது எவ்வளவு மினுங்கினாலும் சரி.

எனக்குத் தெரிஞ்ச நல்ல வழி, மார்பில வைக்கிற புனலும் வால்வும் போத்தலும் சேர்ந்த செட்டை கூடுதலா வாங்கி வைக்கிறது. மோட்டர் ஒண்டு காணும். ரெண்டு தரம் எடுக்கிறதெண்டா ரெண்டு சுத்தமான செட்டை மூடியுள்ள பெட்டியில வீட்டிலயிருந்தே கொண்டு போங்கோ, பாவிச்சதை வேற பெட்டியில போட்டு பின்னேரம் கொண்டு வாங்கோ, ஒஃபிஸில கழுவுற வேலையே இல்ல. பால் காஞ்சு ஒட்டாம இருக்க, ஆறின கொதிதண்ணி ஒரு போத்தல் கொண்டு போய் சின்னப் பேசினுக்குள்ள ஒருக்கா அலசி வைச்சா இன்னும் நல்லம். காசு கொஞ்சம் போகும்தான், ஆனா எனக்கு அது வீண்செலவாத் தெரியேல்ல.

வீட்ட வந்ததும் எல்லாத்தையும் கழட்டுங்கோ, முக்கியமா அந்த மெல்லிசு ரப்பர் வால்வை, பால் மறைஞ்சு நிக்கிறது அதிலதான். முதல்ல பச்சைத்தண்ணியில அலசி, பிறகு இதுக்கெண்டே வச்சிருக்கிற பேசினில சுடுதண்ணியும் சவுக்காரமும் போட்டு, இதுக்கெண்டே வச்சிருக்கிற பிரஷால தேய்ச்சு, நல்ல தண்ணியில அலசி, அஞ்சு நிமிசம் கொதிக்க விடுங்கோ. குறைமாசப் பிள்ளைக்கு எண்டபடியால நாளுக்கு ஒருக்காவாவது இந்தக் கொதிக்க வைக்கிறது கட்டாயம். துணியால துடைக்காதேங்கோ, சுத்தமான துவாயில பரப்பி தானாக் காய விடுங்கோ. கச்சான் காத்துக் காலத்தில சட்டெண்டு காஞ்சிடும், ஆனா தூசு பறக்கும், ஜன்னல் பக்கம் வேண்டாம். மாரியில காய எவ்வளவு நேரம் எடுத்தாலும் ஈரத்தோட பெட்டியை மூடிப்போடாதேங்கோ. பேசினையும் பிரஷையும் கழுவிக் காய வைக்கிறதை நிறையப் பேர் மறந்து போயினம்.

எடுத்த பால் வெளியில நாலு மணித்தியாலம் இருக்கலாம் எண்டு வாசிச்சிருப்பீங்க, அது 25 பாகைக்குக் கீழான அறைக்கு. எங்கட திருகோணமலை மத்தியான வெயிலுக்கு அந்தக் கணக்குச் சரிவராது. எடுத்த கையோட திகதியும் நேரமும் எழுதி ஐஸ் கட்டி வச்ச கூல் பொக்ஸுக்குள்ள வையுங்கோ, ஏற்கனவே குளிர்ந்த பாலுக்கு மேல அப்பதான் எடுத்த சூட்டுப் பாலை ஊத்தாதேங்கோ. எத்தினை மணிக்குள்ள, எப்பிடிக் கொண்டு வர வேணும் எண்டது வார்டில சொல்லுறதுதான் முடிவு.

தானமாக் குடுக்கிற தாய்ப்பாலைச் சேர்த்து வைக்கிற மில்க் பாங்க்கில 62.5 பாகையில 30 நிமிசம் சூடாக்கினா எல்லாம் சரி எண்டு சிலர் சொல்லுவினம். கன கிருமி சாகும், ஆனா பசிலஸ் சீரியஸ் மாதிரிக் கிருமியின்ட வித்து அந்தச் சூட்டுக்குச் சாகாது. அதால சுத்தம் உங்கட கையிலயிருந்தே துடங்க வேணும்: பம்பைத் தொட முந்தி சவுக்காரம் போட்டுக் கை கழுவி, மேசையைத் துடைச்சு, எடுக்கிறது வேற ஒரு அறையில, டொய்லெட்டுக்குள்ள இல்ல. மேலதிகாரியிட்ட கதவு பூட்டக்கூடிய அறை ஒண்டு கேளுங்கோ, இதில வெக்கப்பட ஒண்டுமில்ல.

கேள்வி: பம்ப் டியூபுக்குள்ள தண்ணித்துளி நிக்குது, ஒரு பக்கம் கறுப்புப் புள்ளியும் தெரியுது. கழுவலாமா?
- நிலாவெளி வாசகி

பதில்: துளி மட்டும் எண்டா, பால் எடுத்து முடிஞ்சதும் டியூபை மோட்டரில கொழுவியபடி கொஞ்ச நேரம் வெறுமனே ஓட விடுங்கோ, காஞ்சிடும். கறுப்புப் புள்ளி பூஞ்சணம், கழுவ வேண்டாம், எறிஞ்சு போடுங்கோ. புது டியூப் வரும் மட்டும் கையைக் கழுவிப்போட்டு கையாலயே பாலை எடுங்கோ, பழகேல்ல எண்டா உங்கட மிட்வைஃப் மிஸ்ஸிட்ட கேளுங்கோ, அவ காட்டித் தருவா.