பெயின்ட்பால் லீக்: பணம் கட்டுவது யார், முடிவெடுப்பது யார்?

காற்றழுத்தத் துப்பாக்கியால் சாயம் நிரப்பிய சிறு குண்டுகளைச் சுட்டு, குண்டு பட்டு உடைந்த எதிரணியினரை வெளியேற்றும் ஆட்டம் பெயின்ட்பால். சென்ற இதழில் அதைப் பற்றி வெளியான கட்டுரைக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆட்ட நுணுக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை. லீக்குகளை நடத்துகிறவர்களைப் பற்றியே கேட்டிருந்தன. ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் அணி அமெச்சூர் பிரிவில் ஆடுகிறது. நுழைவுக் கட்டணம் கட்டிய பிறகும், வண்ணக் குண்டுகளைப் போட்டித் திடலில், லீக்கின் அனுமதி பெற்ற நிறுவனங்களிடம் மட்டுமே வாங்க வேண்டும் என்கிறது விதி. வெளியில் மலிவாக வாங்கியதைக் கொண்டுபோனால் அனுமதிப்பதில்லை. இது நியாயமா? இந்தப் பணம் எங்கே போகிறது?

பதில்: கால்பந்திலும் கிரிக்கெட்டிலும் பெரிய லீக்குகளின் வருமானம் பெரும்பாலும் களத்துக்கு வெளியிலிருந்து வருகிறது. டிக்கெட் வாங்குபவர், ஒளிபரப்பு உரிமையை ஏலத்தில் எடுக்கும் தொலைக்காட்சி, விளம்பர நிறுவனம் ஆகியோர் பணம் தருகிறார்கள்; ஆடுபவர் சம்பளம் பெறுகிறார். பெயின்ட்பாலில் ஆடுபவரே பணம் தருகிறார். ஒரு பெரிய தொடருக்கு வரும் அணிகளில் மிகப் பெரும்பாலானவை உங்களைப் போன்ற அமெச்சூர் அணிகள்தான். அவை கட்டும் நுழைவுக் கட்டணமும், அங்கே கடை விரிக்கும் உற்பத்தியாளர்கள் லீக்குக்குத் தரும் தொகையும் சேர்ந்துதான் திடல் வாடகை, பாதுகாப்பு வலை, காற்றடைத்த தடுப்புகள், நடுவர் ஊதியம், காப்பீடு, பரிசு என அத்தனையையும் தாங்குகின்றன. உற்பத்தியாளர் தரும் தொகையும் கடைசியில் உங்களிடமிருந்தே வருகிறது. உங்களுக்கு விற்கும் குண்டின் விலையில் அவர் அதைச் சேர்த்துவிடுகிறார்.

எவ்வளவு குண்டு செலவாகிறது என்பது அணி இளைப்பாறும் இடத்தில் நின்று பார்த்தால் புரியும். ஒரு புள்ளிக்கான சுற்று முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் கிடைக்கும் ஓரிரு நிமிடத்தில் ஒருவர் முகமூடிக் கண்ணாடியைத் துடைப்பார், இன்னொருவர் காற்றுக் குடுவையை நிரப்புவார், மற்றொருவர் 2,000 குண்டுகள் கொண்ட அட்டைப்பெட்டியைக் கிழித்து, ஏறத்தாழ 140 குண்டுகள் கொள்ளும் பிளாஸ்டிக் குழல்களில் கொட்டி மூடிக்கொண்டிருப்பார். ஒரு வார இறுதித் தொடரில் ஓர் அணிக்குப் பத்துக் கணக்கான பெட்டிகள் காலியாவது சாதாரணம். பல அணிகளுக்கு நுழைவுக் கட்டணத்தைவிட இந்தச் செலவே பெரிது.

இனி நியாயத்துக்கு வருகிறேன். விதியில் தவறு இருப்பதாக நான் நினைக்கவில்லை. தரம் கெட்ட குண்டு கண்டபடி பறக்கும், கடினமான ஓடு உடம்பில் பட்டும் உடையாது. என்ன குண்டு திடலுக்குள் வருகிறது என்பது அமைப்பாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உற்பத்தியாளர் தரும் தொகை இல்லையென்றால் நுழைவுக் கட்டணம் இன்னும் உயரும் என்பதும் உண்மை. ஆனால் ஒரு பெட்டியின் விலையில் லீக்குக்குப் போகும் பங்கு எவ்வளவு என்பதை வாங்குபவருக்குச் சொல்லாமல் வைத்திருப்பது தவறு. அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, கேளுங்கள்.

கேள்வி: வீரர்களே சேர்ந்து தங்கள் லீக்கை நடத்தியதுண்டா? நடத்தியிருந்தால் அது ஏன் நிலைக்கவில்லை?

பதில்: நடத்தியிருக்கிறார்கள், ஒரு முறைக்கு மேலேயே. அமெரிக்காவில் 1981இல் பிறந்த இந்த ஆட்டத்தின் முதல் பெரிய பரிசுப் போட்டியை 1983இல் நடத்தியது, ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான பாப் கர்ன்ஸியின் நிறுவனம். பரிசுத் தொகை 14,000 டாலர். ஆட்டத்துக்கான பொருளை விற்பதும், விதி எழுதுவதும், சாம்பியன் பட்டம் வழங்குவதும் அப்போது ஒரே கையில் இருந்தன. 1990களின் தொடக்கத்தில் தொழில்முறை அணிகளின் தலைவர்கள் ஒன்றுகூடி என்.பி.பி.எல். (நேஷனல் புரொஃபெஷனல் பெயின்ட்பால் லீக்) என்ற லீக்கைத் தொடங்கியது பெரிய மாற்றம். விதிகளும் தரவரிசையும் அணிகளின் பொறுப்புக்கு வந்தன. ஆனால் தொடர்களை நடத்திப் பணம் போட்டவர்கள் தனித்தனி அமைப்பாளர்கள்.

அந்த இரட்டை அமைப்பு 2002 பருவத்தோடு உடைந்தது. அமைப்பாளர்கள் தரப்பு பி.எஸ்.பி. (பெயின்ட்பால் ஸ்போர்ட்ஸ் புரமோஷன்ஸ்) என்ற பெயரில் பிரிந்து, அணிக்குப் பத்துப் பேர் ஆடும் ஆட்டத்தையும், கடிகாரம் ஓட ஓடப் புள்ளிகளைக் குவிக்கும் எக்ஸ்பால் என்ற புது வடிவத்தையும் நடத்த, என்.பி.பி.எல். 2003 முதல் ஏழு பேர் ஆட்டத்தைத் தனித் தொடராக நடத்தியது. முன்னணி அணிகள் எதையும் விட முடியாமல் இரண்டிலும் ஆடின. பயணமும் கட்டணமும் குண்டும் இரட்டிப்பாயின, ஸ்பான்சர்களின் பணமோ இரண்டாகப் பிரிந்தது. பிறகு என்.பி.பி.எல். ஒரு வணிக நிறுவனத்தின் கைக்குப் போய், பொருளாதாரச் சரிவு உச்சத்தில் இருந்த 2009இன் தொடக்கத்தில் அந்த நிறுவனம் கடையை மூடியது. உடனே தொழில்முறை அணிகள் மறுபடி சேர்ந்து ஒரு லீக்கைத் தொடங்கின, பழைய பெயரையும் மீட்டெடுத்தன. சில ஆண்டுகளே ஓடியது. பி.எஸ்.பி.யும் 2014 பருவத்தோடு நின்றுபோக, 2015 முதல் என்.எக்ஸ்.எல். என்ற லீக் அந்த இடத்துக்கு வந்தது.

வீரர்களுக்கு நிர்வாகம் வராது என்று இதிலிருந்து முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. முதலாவதாக, அந்த லீக்குகளில் வாக்கு இருந்தது அணித் தலைவர்களுக்கும் உரிமையாளர்களுக்கும்தான். அணியில் ஆறாவது ஆளாக ஆடியவருக்கோ, கீழ்ப் பிரிவில் பணம் கட்டி ஆடியவருக்கோ இருக்கவில்லை. இரண்டாவதாக, எந்த அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும், ஒரு வீரர் பருவத்தின் நடுவில் அணி மாறலாமா, குற்றம் செய்தவருக்கு எத்தனை ஆட்டத் தடை என்ற கேள்விகள் எழும்போது, அந்த முடிவால் லாபமோ நட்டமோ அடையப்போகும் அணியின் தலைவரே கையை உயர்த்தி வாக்களிக்கும் நிலை இருந்தால், எவ்வளவு நேர்மையானவர் அந்த இடத்தில் உட்கார்ந்தாலும் மற்றவர்கள் அவரை நம்பமாட்டார்கள். போட்டியிடுபவரையும் தீர்ப்புச் சொல்பவரையும் பிரிக்காமல் விட்டதுதான் குறை.

கேள்வி: வினாடிக்கு எத்தனை குண்டு சுடலாம் என்ற வரம்பை அடிக்கடி மாற்றுகிறார்கள். இது பாதுகாப்புக்காகவா, விற்பனைக்காகவா?

பதில்: இரண்டு வரம்புகள் இருக்கின்றன, அவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. குண்டின் வேகம் வினாடிக்கு 300 அடியைத் தாண்டக் கூடாது என்பது உடம்பைக் காப்பதற்கான விதி. வினாடிக்கு எத்தனை குண்டு என்பது ஆட்டத்தின் தன்மையையும் செலவையும் சேர்த்தே தீர்மானிக்கிறது.

1981 ஜூன் 27 அன்று நியூ ஹாம்ப்ஷயரின் ஹென்னிக்கரில் 12 பேர் ஆடிய முதல் ஆட்டத்தில், மரங்களையும் மாடுகளையும் அடையாளமிடச் செய்யப்பட்ட துப்பாக்கிகளே பயன்பட்டன. ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத்தான் அடுத்த குண்டை ஏற்ற வேண்டும். வென்றவர் ஒரு குண்டுகூடச் சுடாமல் எல்லாக் கொடிகளையும் சேகரித்தார். மின்னணுத் துப்பாக்கிகள் வந்த பின் நிலைமை வேறு. 2002இல் அறிமுகமான எக்ஸ்பாலை வடிவமைத்த ரிச்மண்ட் இட்டாலியா, வண்ணக் குண்டு தயாரிக்கும் நிறுவனத்தைத் தொடங்கியவரும்கூட. எக்ஸ்பால் நல்ல ஆட்டம் என்பதை மறுக்க முடியாது: கடிகாரம், புள்ளிப் பலகை, ஓரத்திலிருந்து குரல் கொடுக்கும் பயிற்சியாளர் எனப் பார்வையாளருக்குப் புரியும் வடிவத்தை அதுதான் கொடுத்தது. அதே நேரத்தில் பழைய வடிவங்களைவிடப் பல மடங்கு குண்டுகளை அது தின்றது. பி.எஸ்.பி. ஒரு காலத்தில் வினாடிக்கு 15 குண்டுகள் வரை அனுமதித்தது. பின்னர் அதைப் படிப்படியாக 10ஐ ஒட்டிய அளவுக்குக் குறைத்தது. குண்டு விற்பவருக்கு வரம்பு உயர்ந்தால் லாபம், அணிகள் செலவு தாங்காமல் விலகினால் அமைப்பாளருக்கு நட்டம். வரம்பு ஏறி இறங்குவதில் இந்த இழுபறிக்கும் பங்கு இருக்கிறது. இப்படிப்பட்ட விதியை மாற்றும் கூட்டத்தில் பணம் கட்டும் அணிகளின் பிரதிநிதி ஒருவராவது இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: நட்சத்திர வீரர்கள் சங்கம் அமைத்து வேலைநிறுத்தம் செய்தால் லீக் பணிந்துவிடாதா?

பதில்: பணியாது. அமைப்பாளரின் வருமானத்தை நிறுத்தக்கூடியவரின் வேலைநிறுத்தத்துக்குத்தான் வலு உண்டு. கூடைப்பந்து நட்சத்திரங்கள் ஆட மறுத்தால் ஒளிபரப்புப் பணம் நின்றுவிடும். பெயின்ட்பாலில் அப்படி நிற்பதற்குப் பெரிய ஒளிபரப்புப் பணமே கிடையாது. 2000களில் ஈ.எஸ்.பி.என். போன்ற அலைவரிசைகளில் இந்த ஆட்டம் தோன்றியது. அதிலிருந்து லீக்குகள் எதிர்பார்த்த வருமானம் வரவில்லை, பிறகு இணைய நேரலைக்கு நகர்ந்தன. தொழில்முறைப் பிரிவு முழுவதும் ஒரு தொடரைப் புறக்கணித்தாலும், அந்த வார இறுதியில் அமெச்சூர் அணிகளின் கட்டணம் வந்துகொண்டேதான் இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. தொழில்முறை வீரர்களில் மிகப் பலர் பெயின்ட்பாலில் மட்டும் பிழைப்பவர்கள் அல்ல. வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆடுகிறார்கள். துப்பாக்கி, உடை, குண்டு, பயணம் எல்லாம் ஸ்பான்சரின் தயவில் நடக்கின்றன, அந்த ஸ்பான்சர்களின் எண்ணிக்கையும் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. பல பழைய நிறுவனங்கள் கீ ஆக்‌ஷன் ஸ்போர்ட்ஸ் என்ற ஒரே குடைக்குள் வந்தன. 2015இல் அது ஜி.ஐ. ஸ்போர்ட்ஸ் என்ற இன்னொரு பெயின்ட்பால் நிறுவனத்துடன் சேர்ந்தது; 2020இல் ஜி.ஐ. ஸ்போர்ட்ஸ் கடனில் மூழ்கியபோது அதன் சொத்துகள் இன்னொரு நிறுவனத்திடம் போயின. லீக்குக்கும் பணம் தந்து, அணிக்கும் பொருள் தரும் ஒரே நிறுவனத்தை எதிர்த்து ஓர் அணி எப்படிக் குரல் எழுப்பும்?

உண்மையான பலம் கீழ்ப் பிரிவுகளில் இருக்கிறது. அங்கே ஆடுகிறவர்களுக்கு இழக்க ஸ்பான்சர் இல்லை, லீக்குக்கோ அவர்களை இழந்தால் வருமானம் இல்லை. அடுத்த பருவத்துக்கான கட்டணத்தைச் செலுத்துவதற்கு முன்பே சில கோரிக்கைகளை எழுத்தில் வைத்து, பதில் வரும்வரை முன்பதிவு செய்யாமல் இருப்பது, பருவத்தின் நடுவே செய்யும் ஆர்ப்பாட்டத்தைவிடப் பலிக்கும். ஒருங்கிணைப்பது கடினம்தான், அமெச்சூர் அணிகள் ஒவ்வோர் ஆண்டும் கலைந்து கலைந்து உருவாகின்றன. அதற்காக முயலாமல் இருக்க முடியாது.

கேள்வி: நடுவர்கள் சில அணிகளுக்குச் சாதகமாக நடப்பதாகத் தோன்றுகிறதே?

பதில்: பெரும்பாலும் அது பார்வைக் கோணத்தின் பிரச்சினை. குண்டுக் குழல்களைச் செருகும் முதுகுப் பட்டையில் பட்டு உடைந்த குண்டை வீரர் உணர்ந்தாரா, உணர்ந்தும் தடுப்பின் மேல் உரசித் துடைத்தாரா என்பதை ஓடிக்கொண்டே ஒரு நொடியில் முடிவு செய்ய வேண்டியவர் நடுவர். ஆனால் சிறு தொடர்களில் ஓய்வில் இருக்கும் அணியினரே அடுத்த ஆட்டத்துக்கு நடுவராக நிற்கும் வழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். மிச்சமாகும் பணம் கொஞ்சம். போகும் நம்பிக்கை அதிகம்.

கேள்வி: ஒலிம்பிக் அங்கீகாரம் கிடைத்தால் இந்த அரசியல் தீருமா?

பதில்: தீராது. தேசிய, சர்வதேசக் கூட்டமைப்புகள் உருவாகியிருப்பது நல்லதே. எழுதப்பட்ட சட்டதிட்டமும் தேர்தலும் மேல்முறையீடும் அவற்றின் வழியாக வர வாய்ப்பிருக்கிறது. ஆனால் கூட்டமைப்பு ஒரு பக்கமும் தனியார் லீக் மறுபக்கமும் இருந்தால் எந்த விதி செல்லும் என்ற புதுச் சண்டை தொடங்கும்.

கேள்வி: நாங்கள் சில அணிகள் சேர்ந்து ஒரு சிறிய லீக் தொடங்கவிருக்கிறோம். முதலில் எதை எழுதி வைக்க வேண்டும்?

பதில்: விதிப் புத்தகத்துக்கு முன் பணக் கணக்கை எழுதுங்கள். ஒவ்வொரு தொடருக்குப் பின்னும் எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்பதை எல்லா அணிகளுக்கும் அனுப்புவது கட்டாயம் என்று வையுங்கள். பரிசுத் தொகையை அறிவிக்கும் நாளிலேயே அதைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். வசூலைப் பார்த்துக் கொடுக்கலாம் என்று தள்ளினால் பல சமயம் கொடுக்க முடியாமல் போகும். தண்டனைகளையும் பிரிவு மாற்றங்களையும் முடிவு செய்ய, அணி எதிலும் ஆடாத மூவரை நியமியுங்கள். பழைய வீரர்கள் கிடைத்தால் நல்லது. ஆட்டம் தெரியும், பங்கு இருக்காது. குண்டு தரும் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தால் ஓர் ஆண்டுக்கு மேல் செய்யாதீர்கள், ஒப்பந்தத்தில் விதிகளைப் பற்றி ஒரு வரிகூட இருக்கக் கூடாது. பருவத்தின் நடுவில் விதியை மாற்றுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றில் உங்களுக்குள் ஒத்துவராத ஒன்று இருந்தால், அதைப் பேசி முடித்த பிறகே முதல் அணியிடம் கட்டணம் வாங்குங்கள்.