இலை கொட்டத் தொடங்கிவிட்டது, வளவை என்ன செய்வது?

தங்கச்சி, மாசியில் கனடாவுக்கு வந்து, சித்திரையில் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வீடு எடுத்து, முதல் கோடையிலேயே தக்காளியும் மிளகாயும் கத்தரியும் காய்க்க வைத்துவிட்டீர்கள். அதுவே பெரிய விஷயம். இப்போது இலை கொட்டுகிறது, எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு வளவைப் பூட்டிவிட வேண்டியதுதானா என்று கேட்கிறீர்கள். அயல் வீட்டு வாசல்களில் பூசணியும் சோளத்தட்டும் கதவில் வளையமும் தொங்குகின்றன, கடையில் விலை கேட்டால் தலை சுற்றுகிறது, இருப்பதை வைத்துச் செய்ய முடியாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பிடுங்க வேண்டியது பாதிதான். மிச்சத்துக்கு இப்போதுதான் வேலை தொடங்குகிறது.

முதலில் கறிவேப்பிலை. அது சாடியில் நிற்கிறது என்றால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதைப் பாருங்கள். இரவு வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குமுன் உள்ளே வந்துவிட வேண்டும். இங்கே அது செப்டெம்பர் நடுப்பகுதியிலேயே நடக்கும். பகலில் நல்ல வெயில் அடிக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். உள்ளே கொண்டுவருமுன் இலைகளின் அடிப்பக்கத்தையும் தண்டையும் வடிவாகப் பாருங்கள். பழுப்புச் செதில் மாதிரி ஒட்டியிருந்தால் அது பூச்சி. பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் சில துளி விட்டுத் துடைத்துக் கழுவுங்கள். தெற்குப் பக்க ஜன்னலோரம் நல்லது, ஹீற்றர் காற்று வரும் துவாரத்துக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். மார்கழி, தையில் இலை கொட்டும். உடனே தண்ணீர் போதாது என்று நினைத்து ஊற்றித் தள்ளுவார்கள், வேர் அழுகிச் செத்துப்போகும். கறிவேப்பிலையை இங்கே கொல்வது குளிரைவிட அன்புதான். மேல்மண் காய்ந்த பிறகு கொஞ்சம் விட்டால் போதும். பசளையும் சாடி மாற்றுவதும் வசந்த காலத்தில்.

அடுத்தது உள்ளி. குளிருக்கு முன் மண்ணுக்குள் வைத்துவிட்டு மறந்துபோகிற பயிர் அது. இந்தக் காலநிலையில் அதைப்போலச் சுகமான பயிர் வேறு இல்லை என்பது என் எண்ணம். ஒக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை இங்கே நன்றி தெரிவிக்கும் நாள், அந்த நீண்ட வார இறுதியிலிருந்து மாதக் கடைசி வரை நடலாம். மண் உறையுமுன் வேர் பிடிக்கச் சில கிழமைகள் கிடைக்க வேண்டும். கறிக்கு வாங்கும் உள்ளியை நட வேண்டாம். அது பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவது, முளைக்காமல் இருக்க ஏதாவது செய்திருப்பார்கள், இந்தக் குளிருக்குப் பழகிய இனமாகவும் இராது. உழவர் சந்தையில் ஒன்ராறியோ உள்ளி கிடைக்கும். நடுவில் கெட்டியான தண்டு இருக்கிற இனமாகக் கேளுங்கள். ‘மியூசிக்’ என்ற இனம் இங்கே பலர் வைப்பது, பல்லும் பெரிது. விலை கூடத்தான், ஆனால் ஒருமுறை வாங்கினால் அடுத்த வருட விதை உங்கள் கையிலேயே இருக்கும்.

நடும்போது பல்லைப் பிரியுங்கள், தோலை உரிக்க வேண்டாம். கூர்ப்பக்கம் மேலே, 5 சென்ரிமீற்றர் ஆழம், பல்லுக்குப் பல் 15 சென்ரிமீற்றர் இடைவெளி. தக்காளி நின்ற பாத்தியே போதும், கொஞ்சம் கொம்போஸ்ற் கலந்துவிடுங்கள். மேலே காய்ந்த இலையை ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பிவிட்டால் வேலை முடிந்தது. பனிக்குள் அது கிடக்கட்டும். அந்தக் குளிர் பட்டால்தான் ஒரு பல் பல பல்லாகப் பிரியும், இல்லாவிட்டால் ஒற்றை உருண்டையாக நின்றுவிடும். ஜூனில் சுருண்டு சுருண்டு பூத்தண்டு வரும். அதை வெட்டினால் கீழே கிழங்கு இன்னும் பருக்கும். வெட்டிய தண்டை எறிந்துவிடாதீர்கள், பொடியாக அரிந்து தேங்காய்ப்பூ போட்டு வறை வையுங்கள். ஜூலையில் கீழ் இலைகள் பழுப்பானதும் கிண்டி எடுத்து, நிழலில் காயவிட வேண்டும். பெரிய கிழங்காகப் பார்த்து விதைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

உங்கள் தக்காளிச் செடிகளில் இன்னும் பச்சைக் காய் நிற்கும். உறைபனி என்று அறிவித்த அன்றே எல்லாவற்றையும் பறித்துவிடுங்கள். நிறம் மாறத் தொடங்கியது கடதாசிப் பெட்டிக்குள் கிடந்து பழுக்கும், ஃபிரிஜ்ஜுக்குள் வேண்டாம். முற்றாத காயைச் சம்பலோ ஊறுகாயோ போடலாம். மிளகாய்ச் செடி ஒன்றிரண்டைக் கிளை குறைத்துச் சாடிக்கு மாற்றி உள்ளே வைத்தால் அடுத்த கோடையில் முந்திக் காய்க்கும். நோயில்லாத கத்தரிச் செடியை மண்மட்டத்தில் வெட்டி, வேரை மண்ணிலேயே உக்க விடுங்கள்.

இலைகளைப் பற்றி. எல்லாரும் வாரிப் பையில் கட்டி வீதியோரம் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரொறன்ரோவில் அதற்குக் கடதாசிப் பைதான், பிளாஸ்ரிக் பையில் கட்டி வைத்தால் எடுக்க மாட்டார்கள். ஆனால் காசு கொடுத்துப் பை வாங்கி நல்ல பசளையை அனுப்பிவிட்டு, வசந்தத்தில் காசு கொடுத்துப் பசளை வாங்குவது எனக்கு விளங்காத கணக்கு. புல்வெட்டும் இயந்திரத்தை இலைகளுக்கு மேல் ஓட்டுங்கள், தூளாகிவிடும். அந்தத் தூளைப் பாத்திக்கு மூடாக்காகப் போடலாம். கருப்பு வால்நட் மரம் பக்கத்தில் நின்றால் மட்டும் அதன் இலையைச் சேர்க்க வேண்டாம், தக்காளிக்கு ஆகாது.

பூ வேண்டுமென்றால் ரியூலிப் கிழங்கை ஒக்டோபரில் 15 சென்ரிமீற்றர் ஆழத்தில் நடலாம். அணில்கள் கிண்டும். மேலே கோழிக்கூட்டுக் கம்பிவலையைப் பரப்பி மண் போடுங்கள். அதற்கும் பொறுமை இல்லையென்றால் டஃபடில் நடுங்கள், அது நஞ்சுள்ளது என்பதால் அணில் வாய் வைக்காது.

சரி, வாசலுக்கு வருவோம்.

டொலர் கடையில் பிளாஸ்ரிக் மேப்பிள் இலைச் சரம் விற்கிறார்கள். மரத்தின் கீழே நின்றுகொண்டு அதை வாங்குபவர்களை என்ன சொல்ல! சிவந்த இலைகளை ஈரமில்லாத நாளில் பொறுக்கி, பழைய பத்திரிகைக்குள் வைத்து, மேலே அரிசி மூட்டையை ஏற்றிவிடுங்கள். ஒரு கிழமையில் தட்டையாகிவிடும். ஆனால் அப்படியே விட்டால் நொறுங்கும், நிறமும் மங்கும். தேன்மெழுகைச் சிறு பாத்திரத்தில் போட்டு, அதைச் சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்குங்கள். காம்பைப் பிடித்து இலையை முக்கி எடுத்துக் காயவிட்டால் கன நாள் நிறம் நிற்கும். நவராத்திரிக்கும் தீபாவளிக்கும் மாவிலை தேடி அலைகிறோமே, கதவுநிலைக்கு இதையே தோரணமாகக் கட்டலாம். விளக்குக்குப் பக்கத்தில் மட்டும் தொங்கவிட வேண்டாம், மெழுகு பிடித்து எரியும்.

கதவு வளையத்துக்குக் காட்டுத் திராட்சைக் கொடி நல்லது. உங்கள் வேலியிலேயே படர்ந்திருக்கக் கூடும். இலை உதிர்ந்த பிறகு வெட்டி, சுற்றிச் சுற்றி முறுக்கினால் தன்பாட்டில் நிற்கும். பூங்காவில் வெட்டாதீர்கள், அது தடை. மயிர் மயிராக வேர் ஒட்டிய கொடியைக் கண்டால் தொடவே வேண்டாம், அது பொய்சன் ஐவியாக இருக்கலாம், பட்டால் தோல் எரிந்து கொப்பளிக்கும். வளையத்தில் பைன் காய்களைச் செருகலாம். கொண்டுவந்தவுடன் அவற்றை ‘ஓவன்’ அடுப்பில் 95 பாகை செல்சியசில் அரை மணித்தியாலம் வையுங்கள். உள்ளிருக்கும் பூச்சி சாகும், மூடியிருந்த காயும் விரியும். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள், பிசின் இருக்கிறது.

மெல்லிய தோல் மிளகாய் பழுத்திருந்தால் காம்பில் ஊசிநூல் கோத்துச் சமையலறையில் தொங்கவிடுங்கள். அலங்காரமும் ஆச்சு, மாசியில் வறுத்துத் தூளும் இடிக்கலாம். தடித்த மிளகாய் இதற்கு ஆகாது, பூஞ்சணம் பிடிக்கும்.

பூசணிக்கு இரண்டு யோசனை. ஹலோவீனுக்கு முகம் வெட்டும் பெரிய பூசணி தண்ணீர்ச் சதை, கறிக்குச் சுவையில்லை. சமையலுக்கென்றால் ‘பை’ (pie) என்ற பலகாரம் செய்யும் சின்னதை வாங்குங்கள். வெட்டாமல் வாசலில் வைத்து அழகு பார்த்துவிட்டு, உறைபனிக்கு முன் எடுத்துச் சமைக்கலாம். பிள்ளைகளுக்கு முகம் வெட்டியே ஆக வேண்டுமென்றால் ஒக்டோபர் 31க்குச் சற்று முன் வெட்டுங்கள், முந்தினால் அழுகும். ஹலோவீனுக்கு மறுநாள் மாலை பல பூங்காக்களில் எல்லாரும் தங்கள் பூசணிகளை வரிசையாக விளக்கேற்றி வைப்பார்கள். ரொறன்ரோவின் மேற்குப் பக்கத்தில் உள்ள சொராரன் பூங்காவில் பெரிதாக நடக்கும், கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

வீட்டுக்கு உண்மையில் உதவுகிற கைவேலை ஒன்று இருக்கிறது. பழைய பருத்திச் சேலையைக் கதவின் அகலத்துக்கு நீளக் குழாயாகத் தைத்து, கிழிந்த துணிகளை இறுக்கி அடைத்து, கதவின் அடியில் போட்டுவிடுங்கள். குளிர்காற்று நிற்கும். சிலர் அரிசி நிரப்பச் சொல்வார்கள். எலி வரும், வேண்டாம்.

கடைசி வேலை வெளிக்குழாய். உள்ளிக்குத் தண்ணீர் விட்டு முடிந்ததும், மண் உறையுமுன், ஹோஸைக் கழற்றுங்கள். பேஸ்மென்ரில் அந்தக் குழாய்க்கென்று ஒரு வால்வு இருக்கும். அதை மூடிவிட்டு, வெளியே குழாயைத் திறந்தபடி விட்டால் மிச்சத் தண்ணீர் வடியும். இதைச் செய்யாவிட்டால் குழாய் உறைந்து வெடித்துச் சுவருக்குள் தண்ணீர் போகும். வாடகை வீடென்றால் வால்வு எங்கே என்று வீட்டுக்காரரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். பெரும்பாலும் பெட்டிகளுக்குப் பின்னால் தேட வேண்டிய இடத்தில்தான் இருக்கும்.